கலைப்பள்ளி கதவடைத்தது; அதே தெருவில் கொடி நாட்டினார்!

ஆர்.கே. லட்சுமண் வாழ்க்கை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடம்

"படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத தகப்பனார் தாராவியிலும் இல்லை, மாட்டுங்காவிலும் இல்லை, செம்பூரிலும் இல்லை. பையன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டால் முதலில் காது திருகப்படுகிறது. அப்புறம் நோட்டு பிடுங்கப்படுகிறது. ஊரை விட்டு ஊர் வந்து, பத்துக்குப் பத்து அறையில் குடித்தனம் நடத்தி, முதல் தேதிச் சம்பளத்தை எதிர்பார்த்துக் காலம் தள்ளுகிறவருக்கு அந்தப் பயம் வருவது இயற்கை. அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

ஆனால் அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு முழு வாழ்க்கையே இதே மும்பையில் நடந்திருக்கிறது. அந்த வாழ்க்கைக்கு உரியவர் ஒரு தமிழர். ஓவியம் கற்கச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பித்தபோது, "உன்னிடம் போதிய திறமை இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர். பின்னாளில் பாரத நாட்டின் இரண்டாவது உயரிய விருதான பத்மவிபூஷண் வரை பெற்றவர்.

ஆம், கார்ட்டூனிஸ்டு ஆர்.கே. லட்சுமண்தான் அவர்!

ஒரே தெரு

மாட்டுங்காவில் லோக்கல் ரெயில் ஏறி, கடைசி ஸ்டேஷனில் இறங்கினால், அன்று வி.டி. என்றும் இன்று சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் என்றும் வழங்கும் நிலையம். வெளியே வந்தால் தாதாபாய் நவ்ரோஜி சாலை. சாலையின் எதிர்ப்புறத்தில் "டைம்ஸ் ஆப் இந்தியா" கட்டடம். அங்கிருந்து கிராபர்ட் மார்க்கெட் பக்கமாகச் சில நிமிஷம் நடந்தால், அஞ்சுமன்-இ-இஸ்லாம் பள்ளியைத் தாண்டி ஜே.ஜே. கலைப்பள்ளி.

ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி வணிகப் பெருமகன் அளித்த நன்கொடையால் 1857-ம் ஆண்டு தொடங்கப்பட்ட பள்ளி அது. லட்சுமணை வேண்டாம் என்று சொன்ன இடம் அதுதான். அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மேஜை போட்டு உட்கார்ந்து, நாட்டையே சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்த இடம் "டைம்ஸ்" கட்டடம். இரண்டும் ஒரே தெருவில், ஒரே வரிசையில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே சில நிமிஷ நடைதான். ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்க அவர் மைசூர், சென்னை, டெல்லி என்று சுற்றி வர வேண்டியிருந்தது.

ராசிபுரத்து வேர்

ஆர்.கே. என்பதில் உள்ள "ஆர்", ராசிபுரம். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள அதே ராசிபுரம்தான். "கே", தகப்பனார் கிருஷ்ணசாமி அய்யரின் பெயர். குடும்பம் மைசூரில் குடியேறியிருந்தது. தகப்பனார் பள்ளித் தலைமை ஆசிரியர். லட்சுமண் 1921-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி பிறந்தார். வீட்டில் கடைக்குட்டி. "மால்குடி" கதைகளால் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் ஆர்.கே. நாராயணன் இவருடைய அண்ணன்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதிலேயே, வீட்டுக்கு வந்த ஆங்கிலப் பத்திரிகைகளில் இருந்த படங்களைப் பார்ப்பது சிறுவனுக்குப் பொழுதுபோக்கு. அப்புறம் தரை, சுவர், கதவு எதையும் விட்டுவைக்கவில்லை. பள்ளியில் ஒரு நாள் இலை வரையச் சொன்னபோது அரச இலையை வரைந்தான். ஆசிரியர் பாராட்டினார். தான் ஓவியன் ஆகப் போகிறவன் என்ற எண்ணம் அந்த ஒரு சொல்லில்தான் அவனுக்குள் விழுந்தது. நல்ல ஆசிரியரின் ஒரு வார்த்தைக்கு எவ்வளவு பலம் பாருங்கள்!

தகப்பனார் பக்கவாதத்தால் படுத்து, பின்னர் காலமானபோது லட்சுமண் இன்னும் பள்ளிப் பிள்ளைதான். வீட்டுப் பொறுப்பை மூத்தவர்கள் சுமந்தார்கள். இவர் படிப்பும் நிற்கவில்லை, படமும் நிற்கவில்லை.

எழுத்தை மாற்றி வாசித்த பையன்

அந்த நாளில் இங்கிலாந்தின் பெரிய கார்ட்டூனிஸ்டு டேவிட் லோ. அவருடைய படங்கள் "இந்து" பத்திரிகையில் வெளிவரும். சிறுவன் லட்சுமணுக்கு அவர்தான் மானசீகக் குரு. வேடிக்கை என்னவென்றால், "லோ" என்ற கையெழுத்தின் முதல் எழுத்தைத் தவறாகப் படித்து, "கௌ" என்று, அதாவது பசு என்று, நெடுநாள் வாசித்துக்கொண்டிருந்தானாம்!

பெயரைத் தப்பாகப் படித்தால் குற்றமில்லை. படத்தைத் தப்பாகப் படித்தால்தான் ஆபத்து. பெரிய ஓவியரைப் பார்த்து மயங்கும் இளைஞர்கள் பலரும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். குரு வரைந்த மூக்கையே வரைவார்கள். குரு போட்ட நிழலையே போடுவார்கள். கடைசியில் கையில் மிஞ்சுவது இரவல் கோடு. நாலு பேர் "அப்படியே இருக்கிறது" என்று மெச்சுவார்கள். அந்த மெச்சுதலில் பையன் நின்றுவிடுவான்.

லட்சுமண் அதில் நின்றுவிடாமல் தப்பியதற்கு ஒரு பழக்கம் உதவியது. தம் சுயசரிதையில் அதைச் சொல்லியிருக்கிறார். அறையின் ஜன்னல் அருகே உட்கார்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் வரைவார். காய்ந்த சுள்ளி, உதிர்ந்த இலை, ஊர்ந்து போகும் பல்லி போன்ற பிராணி, விறகு பிளக்கும் வேலையாள், எதிர்வீட்டுக் கூரையில் உட்காரும் காக்கைகள். குருவின் படத்தில் இருந்து பாணியைக் கற்றார்; பொருளைத் தெருவில் இருந்து எடுத்தார்.

காக்கை மீது அவருக்கு வாழ்நாள் முழுதும் தனிப் பிரியம். எல்லோரும் மயிலை வரைந்தபோது இவர் காக்கையை வரைந்து வரைந்து தீர்த்தார். காசு கொடுத்து மாடல் வைத்துக்கொள்ள வழியில்லாதவனுக்குக் காக்கையைவிட நல்ல மாடல் உண்டா? 90 அடி ரோட்டுக் கூரைகளிலும் அது வந்து உட்காரத்தான் செய்கிறது.

வந்தது கடிதம்

உயர்நிலைப்பள்ளிப் படிப்பு முடிந்ததும், லட்சுமண் தம் படங்களைச் சேர்த்து பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளிக்கு விண்ணப்பம் அனுப்பினார். பதில் வந்தது. மாணவனாகச் சேர்த்துக்கொள்ளத் தேவையான திறமை படங்களில் காணப்படவில்லை என்று பள்ளித் தலைவர் எழுதியிருந்தார்.

வேறொரு பையனாக இருந்தால் அந்தக் கடிதத்தோடு தூரிகையை மூட்டை கட்டியிருப்பான். வீட்டாரும், "அவ்வளவு பெரிய பள்ளியே சொல்லிவிட்டது; இனி டைப்ரைட்டிங் கற்றுக்கொள்" என்று சொல்லியிருப்பார்கள்.

இங்கேதான் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தவறு வேறு; தோல்வி வேறு. தவறு என்பது நம் கையில் நடப்பது. கோடு கோணலாவது, நேரத்துக்கு வேலையை முடிக்காமல் போவது, ஒரே படத்தில் எல்லாவற்றையும் திணிப்பது, இவையெல்லாம் தவறுகள். திருத்திக்கொள்ளலாம். தோல்வி என்பது பிறர் நமக்குத் தரும் தீர்ப்பு. அது சரியாகவும் இருக்கலாம், பிசகாகவும் இருக்கலாம். தீர்ப்பைத் தவறு என்று எண்ணிக் கலங்குகிறவன் தொழிலை விடுகிறான். தவறைத் தீர்ப்பு என்று எண்ணி விதியை நோகிறவன் திருந்தாமலே போகிறான். இரண்டும் நஷ்டம்.

லட்சுமண் தீர்ப்பைத் தீர்ப்பாக மட்டும் எடுத்துக்கொண்டார். மைசூர் மகாராஜா கல்லூரியில் சேர்ந்து பி.ஏ. பட்டம் வாங்கினார். கலைப்பள்ளி தராத பயிற்சியைப் பத்திரிகைகளில் தேடினார்.

பின்னாளில் அதே ஜே.ஜே. கலைப்பள்ளி அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. போனார். அது வேறு கதை.

சின்ன வேலை, பெரிய படிப்பு

கல்லூரிக் காலத்திலேயே வேலை தொடங்கிவிட்டது. அண்ணன் நாராயணன் "இந்து"வில் எழுதிய கதைகளுக்குப் படம் போட்டார். மைசூர் உள்ளூர்ப் பத்திரிகைகளுக்கு அரசியல் படங்கள் வரைந்தார். சென்னையில் இருந்து வந்த "சுதந்திரா" ஆங்கில ஏட்டுக்கு அனுப்பினார். டாக்டர் எம். சிவராம் 1942-ல் தொடங்கிய "கொரவஞ்சி" என்ற கன்னட நகைச்சுவை ஏட்டிலும் அவர் படங்கள் வந்தன. கோடை விடுமுறையில் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார்.

இவையெல்லாம் பெரிய வேலைகள் அல்ல. ஆனால் அச்சில் வரும் வேலைகள். அச்சு ஒரு கறாரான வாத்தியார். வீட்டில் வைத்துப் பார்க்கும்போது அழகாக இருக்கும் மெல்லிய கோடு, மட்டமான காகிதத்தில் அச்சாகும்போது காணாமல் போய்விடும். நெருக்கிப் போட்ட கோடுகள் மை பரவி ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். இந்தப் பாடத்தை எந்த வகுப்பறையும் இவ்வளவு சீக்கிரம் கற்றுத் தராது. மறுநாள் பத்திரிகையைத் திறந்தால், செய்த பிழை கண்ணெதிரே கிடக்கும், ஊராரும் பார்த்திருப்பார்கள்.

அண்ணன் கதைக்குத் தம்பி போட்ட படங்கள் வீண் போகவில்லை. 1986-ல் "மால்குடி டேஸ்" தூர்தர்ஷனில் தொடராக வந்தபோதும், அதற்குச் சித்திரம் தீட்டியவர் லட்சுமண்தான்.

டெல்லியில் கிடைத்த புத்திமதி

பட்டம் வாங்கியதும் இளைஞர் நேரே தலைநகருக்குப் போனார். பெரிய பத்திரிகையில் அரசியல் கார்ட்டூனிஸ்டு வேலை வேண்டும் என்பது ஆசை. "உனக்கு வயது போதாது. முதலில் சின்ன ஊர்ப் பத்திரிகைகளில் வேலை பார்த்துவிட்டு வா" என்கிற பதில்தான் கிடைத்தது.

அந்தக் காலத்தில் கசப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் முதல் படியில் கால் வைக்காமல் மாடிக்குத் தாவ நினைப்பது எல்லா இளைஞர்களும் செய்வதுதான். லட்சுமண் டெல்லியில் முட்டி மோதிக்கொண்டிராமல் பம்பாய்க்கு ரெயில் ஏறினார். கரஞ்சியாவின் "பிளிட்ஸ்" வாரப் பத்திரிகையில் படம் போட்டார். பின்னர் "பிரீ பிரஸ் ஜர்னல்" நாளிதழில் நிரந்தர வேலை கிடைத்தது. அந்தப் பத்திரிகையை நிறுவிய எஸ். சதானந்த் ஒரு தமிழர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இரண்டு மேஜைகள்

"பிரீ பிரஸ்" அலுவலகத்தில் லட்சுமணுடன் வேலை பார்த்த இன்னொரு இளம் கார்ட்டூனிஸ்டின் பெயர், பால் தாக்கரே!

அவரும் கலைப்பள்ளியில் படித்துத் தேறியவர் அல்ல. அவரும் டேவிட் லோவின் ரசிகர். இருவருக்கும் நல்ல சிநேகம். பிறகு பாதைகள் பிரிந்தன. தாக்கரே 1960-ல் "மார்மிக்" என்ற கார்ட்டூன் வார ஏட்டைத் தொடங்கினார். இந்த ஊர் அலுவலகங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்கள் அந்த ஏட்டில் வெளியாயின. 1966 ஜூன் 19-ந் தேதி சிவசேனை பிறந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில், "மதராஸி" என்ற சொல் காதில் விழுந்தாலே மாட்டுங்காவிலும் தாராவியிலும் நம்மவர்கள் கடையின் பலகையை இழுத்து மூடிய நாட்கள் உண்டு. அந்தக் காலத்தைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

லட்சுமண், தாக்கரே நட்பு மட்டும் கடைசி வரை முறியவில்லை என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் ஒரே அலுவலகத்தில், ஒரே தொழிலில் தொடங்கிய இருவரில் ஒருவர் "யார் இந்த ஊர்க்காரர்?" என்று கேட்டார். மற்றவரின் தூரிகை, எந்த ஊர்க்காரர் என்றே சொல்ல முடியாத ஒருவரைப் படைத்தது. அது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கதையின் உயிர்.

குதிரை வண்டியில் போனார்

"பிரீ பிரஸ்" நிர்வாகம் ஒரு நாள் நிபந்தனை போட்டது. கம்யூனிஸ்டுகளைக் கேலி செய்து படம் போடக்கூடாது என்றார்கள். லட்சுமண் ஒப்பவில்லை. எழுந்து வெளியே வந்தார். தெருவில் போன விக்டோரியா குதிரை வண்டியை நிறுத்தி, "டைம்ஸ் ஆப் இந்தியாவுக்குப் போ" என்றார்.

அங்கே ஓவியப் பிரிவின் தலைவராக இருந்தவர் வால்டர் லாங்ஹாமர். ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி ஆஸ்திரியாவில் இருந்து பம்பாய் வந்து சேர்ந்த ஓவியர். வந்த இளைஞரின் சான்றிதழை அவர் பெரிதாக எண்ணவில்லை, கையைப் பார்த்தார். படம் போடச் சொன்னார். வேலை கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் அவசரப்பட்டு ராஜினாமா எழுதிவிட வேண்டாம்! லட்சுமண் கோபத்தில் மட்டும் எழுந்து போகவில்லை. அவர் கையில் சரக்கு இருந்தது. பல ஆண்டுகள் அச்சில் வந்த படங்கள் அவருக்குச் சாட்சியாக இருந்தன. மனசாட்சிக்காக வேலையை விடலாம். ஆனால் கையில் தொழில் இருக்க வேண்டும்.

கூட்டம் குறைந்தது

"டைம்ஸ்" பத்திரிகையில்தான் அவருடைய பெரிய தவறு தெரிய வந்தது. அந்தத் தவறுதான் அவருக்குப் பெரும் புகழையும் தேடித் தந்தது.

அரசியல் படத்தில் இந்திய மக்களைக் காட்ட வேண்டும். எப்படிக் காட்டுவது? தொடக்கத்தில் லட்சுமண் எல்லோரையும் வரைந்தார். ஒரு வங்காளி, ஒரு தமிழர், ஒரு பஞ்சாபி, ஒரு மராட்டியர் என்று படத்தின் பின்புறம் ஒரு திருவிழாக் கூட்டமே நிற்கும். யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் விளைவு? தலைப்பாகை ஒன்று, வேட்டிக் கட்டு ஒன்று, மீசை ஒன்று என்று வரைந்து முடிப்பதற்குள் அச்சுக்குப் போகும் நேரம் வந்துவிடும். படிக்கிறவர் கண்ணும் கூட்டத்தில் சிக்கி, சொல்ல வந்த விஷயத்தைத் தவற விட்டுவிடும்.

நேரமோ காத்திருக்காது. லட்சுமண் ஒவ்வொருவராகக் குறைக்கத் தொடங்கினார். நாலு பேர் மூவரானார்கள், மூவர் இருவரானார்கள். கடைசியில் ஒரே ஒருவர் நின்றார். வழுக்கைத் தலை, காதோரம் கொஞ்சம் நரைமுடி, மூக்குக் கண்ணாடி, புதர் மீசை, கட்டம் போட்ட கோட்டு, கீழே வேட்டி.

இவர்தான் "காமன் மேன்" என்று நாடு கொண்டாடிய சாமானிய மனிதன். 1951-ம் ஆண்டு பிறந்தவர். "யூ செட் இட்" என்ற தலைப்பில், பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் நாள்தோறும் வந்து நின்றார். அமைச்சர்கள் வாக்குறுதி தருவார்கள், அதிகாரிகள் கோப்பு புரட்டுவார்கள், மனைவி பொருமுவாள். இவர் மட்டும் வாய் திறக்க மாட்டார். பார்த்துக்கொண்டே இருப்பார்.

இவர் எந்த ஊர்? கோட்டைப் பார்த்தால் மைசூர் என்று தோன்றும். வேட்டியைப் பார்த்தால் வங்காளம் என்பார்கள். கிர்காவ் சாலில் குடியிருக்கும் மராட்டியக் குமாஸ்தா, "என் பக்கத்து வீட்டுக்காரர்" என்பார். மாட்டுங்கா தமிழர், "எங்கள் ஆபீஸ் பெரியவர்" என்பார். எல்லா மாநிலத்தாரையும் வரைந்தபோது கிடைக்காத இந்தியா, ஒருவரை மட்டும் வரைந்தபோது கிடைத்தது!

நாட்டில் மொழிச் சண்டை நடந்தது. இந்த நகரிலேயே "உன் ஆள், என் ஆள்" என்ற பேச்சு எழுந்தது. அப்போதெல்லாம் சாமானிய மனிதன் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். அவரை வரைந்தவர் "மதராஸி" என்பதற்காக யாரும் வாசல் கதவைச் சாத்தவில்லை. ஒரு கலைஞன் பிழையைத் திருத்திக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய பரிசு வேண்டுமா?

வேலை, வேலை, வேலை

புகழ் வந்த பிறகும் அவர் வழக்கம் மாறவில்லை. காலையில் அலுவலகம், மேஜை நிறையப் பத்திரிகைகள், யோசனை, பிறகு தூரிகை. நாள்தோறும் ஒரு சிறு படம், அதோடு பெரிய அரசியல் படங்கள் என்று ஐம்பது ஆண்டுக்கு மேல் இந்த ஓட்டம் ஓடியது.

கூலி வேலை என்று எதையும் அவர் ஒதுக்கவில்லை. 1954-ல் ஏஷியன் பெயிண்ட்ஸ் கம்பெனிக்கு ஒரு சின்னம் வரைந்து தந்தார். நெற்றியில் முடி விழ, கையில் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் பிடித்து நிற்கும் "கட்டு" என்ற குறும்புப் பையன். சுவருக்கு வெள்ளையடிக்கும் நம் ஊர்த் தொழிலாளிகள் பல ஆண்டு காலம் தூக்கிச் சுமந்த டப்பாக்களில் சிரித்தவன் அவன்தான்.

1973-ல் பத்மபூஷண், 1984-ல் மகசேசே விருது, 2005-ல் பத்மவிபூஷண் என்று விருதுகள் வந்தன. "டைம்ஸ்" பத்திரிகையின் 150-வது ஆண்டையொட்டி 1988-ல் வெளியான தபால் தலையில் சாமானிய மனிதன் இடம் பெற்றார். புனேயில் 2001-ல் அவருக்குச் சிலை எழுந்தது. மும்பை வொர்லி கடற்கரையிலும் சிலை வைத்தார்கள். வாய் திறவாத ஒரு கற்பனை ஆளுக்குச் சிலை!

2003-ல் லட்சுமணுக்குப் பக்கவாதம் கண்டு இடது பக்கம் செயல் இழந்தது. அதன் பிறகும் அவர் வரையாமல் இருக்கவில்லை. 2015 ஜனவரி 26-ந் தேதி, குடியரசு நாளன்று, புனேயில் தமது 93-வது வயதில் காலமானார்.

தந்தி ஆபீஸ் ஓவியர்

"லட்சுமணுக்கு அண்ணன் இருந்தார், குடும்பம் இருந்தது; நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

கோவையில் 1911-ல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கரைப் பாருங்கள். சிறு வயதிலேயே இயற்கைக் காட்சிகளைத் தீட்டியவர். தகப்பனார் மறைந்ததால் கல்லூரிப் படிப்பை விட்டு, தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டே படம் வரைந்தார். இருபத்தைந்து வயதுக்குப் பிறகுதான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர முடிந்தது. பின்னர் அந்தப் பள்ளிக்கே முதல்வரானார்.

படித்து முடிக்கும் மாணவர்கள் பிழைப்புக்காக ஓவியத்தை விட்டுவிடுவதைக் கண்டு மனம் நொந்தார். 1966-ல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். ஓவியர்கள் பாத்திக் துணி, கைவினைப் பொருள் என்று செய்து விற்றார்கள். அந்தக் காசில் நிலம் வாங்கினார்கள். மிச்ச நேரத்தில் ஓவியம் தீட்டினார்கள். கலை ஒரு கையில், பிழைப்பு மறு கையில்!

இதே மும்பையில் எம்.எப். உசேன் சினிமா பேனர் எழுதி வயிறு வளர்த்தார். பேனரின் பெரிய அளவும், தூரத்தில் இருந்து பார்த்தாலும் தெரியும் அழுத்தமான கோடும் அவருடைய ஓவியத்தில் கடைசி வரை இருந்தன. கே.எச். ஆரா சிறு வயதில் இந்த ஊருக்கு ஓடி வந்து, வீட்டு வேலை செய்தார்; கார் துடைத்தார். அவருடைய படங்களைக் கண்டு ஊக்கம் தந்தவர்களில் ஒருவர், லட்சுமணுக்கு வேலை கொடுத்த அதே லாங்ஹாமர்! உசேனும் ஆராவும் 1947-ல் தோன்றிய முற்போக்கு ஓவியர் குழுவின் தூண்களானார்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

பையனோ பெண்ணோ படம் வரைந்தால் உடனே கலைஞன் என்று கொண்டாடவும் வேண்டாம். காதைத் திருகவும் வேண்டாம். சில காரியங்களைச் செய்யலாம்.

மகாராஷ்டிர அரசின் கலை இயக்ககம் பள்ளி மாணவர்களுக்கு "எலிமெண்டரி", "இன்டர்மீடியட்" என்று இரண்டு ஓவியத் தேர்வுகள் நடத்துகிறது. பள்ளி மூலமாகவே எழுதலாம். ஓவிய ஆசிரியரிடம் கேட்டால் விவரம் சொல்வார். பிள்ளையின் கை எந்த நிலையில் இருக்கிறது என்பதை, உறவினர்களின் புகழ்ச்சியை வைத்து முடிவு செய்வதைவிட இந்தத் தேர்வுகளை வைத்து அறிவது மேல்.

காலா கோடாவில் 1952-ல் திறக்கப்பட்ட ஜஹாங்கீர் கலைக்கூடம் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அழைத்துப் போகலாம். பெரியவர்கள் வரைந்ததை நேரில் பார்க்கும்போது, தன் படத்தில் என்ன குறை என்பது பிள்ளைக்குத் தானாகவே விளங்கும்.

பழைய படங்களைக் கிழித்துப் போட விடாதீர்கள். தேதி எழுதி அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், எங்கே வளர்ந்திருக்கிறான், எங்கே அதே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கிறான் என்பது தெரியும். படத்தைவிடப் பெரிய வாத்தியார் பழைய படம்.

படிப்பையும் விட வேண்டாம். லட்சுமண் பி.ஏ. முடித்தார். பணிக்கர் தந்தி ஆபீசில் உழைத்தார். வயிற்றுக்கு வழி செய்துகொண்டவன் கலையில் அவசரப்பட மாட்டான்.

தாராவியில் கடைப்பலகையும் கட்சித் தட்டியும் எழுதிப் பிழைத்த நம் ஓவியர்கள், பிளெக்ஸ் அச்சு வந்த பிறகு தொழில் சுருங்கித் தவித்ததை ஊர் அறியும். அவர்கள் கையில் கலை இல்லாமல் போகவில்லை. வேலையின் உருவம் மாறிவிட்டது. இன்றைய பிள்ளைகள் கம்ப்யூட்டரிலும் வரைகிறார்கள். கருவி எதுவானாலும் கண்ணும் கையும் பழகியே ஆக வேண்டும்.

அடுத்த முறை கோட்டைப் பக்கம் வேலையாகப் போகும்போது, டெர்மினசுக்கு வெளியே ஒரு நிமிஷம் நின்று அந்தச் சாலையைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். "அதோ அந்தப் பள்ளி வேண்டாம் என்றது, இதோ இந்தக் கட்டடம் வா என்றது. நடுவிலே அவர் சும்மா இருக்கவில்லை" என்று சொல்லுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைகிற பிள்ளைக்கு அது போதும்.